நகக் கலைக்குச் சான்றிதழ். வேலைக்குக் கணக்கு இல்லை

புது தில்லி: பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அதற்கு மத்திய அரசு அளித்த எழுத்துப்பூர்வமான பதில்கள் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் அமைந்திருந்தன. 2015-16 முதல் 2021-22 வரையிலான முதல் மூன்று கட்டங்களில், குறுகிய காலப் பயிற்சிப் பிரிவில் மட்டும் வேலைவாய்ப்பு விவரம் திரட்டப்பட்டது. நான்காம் கட்டத்தில், பயிற்சி பெற்றவர்கள் தமக்கு உகந்த பாதையைத் தாமே தேர்ந்துகொள்ள வலுவூட்டுவதே நோக்கம் என்பதுதான் அப்பதில்களின் சாரம்.

வேறு வகையில் சொன்னால், வழங்கப்பட்ட சான்றிதழ்கள் எண்ணப்பட்டன. அவற்றால் கிடைத்த வேலைகள் எண்ணப்படவில்லை. 2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, திறன் இந்தியா திட்டங்களை ஒன்றிணைத்து, 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ. 8,800 கோடி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பெரிய தொகையின் பயனை அளக்கும் அளவுகோல் எது என்ற கேள்வி, தலைநகரின் புள்ளிவிவரங்களைவிட, ஒரு சிறு தொழிலையும் ஒரு சிறு நகரையும் அருகில் வைத்துப் பார்க்கும்போது தெளிவாக விளங்குகிறது. அந்தச் சிறு தொழில், 'நெயில் டெக்னீஷியன்' எனப்படும் நகப் பராமரிப்பு மற்றும் அலங்காரப் பணி. நகரம், நவி மும்பையின் ஐரோலி.

கடற்கழிக்கு அக்கரையில்: தாணே கடற்கழியின் மேற்குக் கரையில் மும்பையின் முலுண்ட், கிழக்குக் கரையில் ஐரோலி. மும்பையின் நெரிசலைக் குறைக்கும் நோக்கத்துடன் 1970-இல் அமைக்கப்பட்ட 'சிட்கோ' எனும் மாநில அரசு நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய நவி மும்பையின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று இது. 1999-இல் முலுண்ட் - ஐரோலி பாலமும், 2004-இல் தாணே - வாஷி மார்க்கத்தில் புறநகர் ரயிலும் வந்தபின் இதன் முகம் மாறியது. தாணே - பேலாப்பூர் சாலையோரம் ரசாயன ஆலைகள் நிறைந்திருந்த தொழிற்பேட்டைப் பகுதியில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்தன. மாதச் சம்பளம் வாங்கும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து செல்லும் இடத்தில் அழகு நிலையங்கள் பெருகுவது இயல்பே. அவற்றுக்கு ஆள் தேவைப்படும்போது, ஆள்களை உருவாக்கித் தருவதாகக் கூறும் பயிற்சி வகுப்புகளும் தோன்றுகின்றன.

மும்பைத் தமிழர்களுக்கும் இது எட்டாத ஊர் அன்று. தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளிலிருந்து மத்திய ரயில்வேயில் தாணே வந்து வண்டி மாறினால் ஐரோலி. செம்பூரிலிருந்து துறைமுக மார்க்கத்தில் வாஷி வந்தும் மாறலாம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு, கல்லூரிக்குச் செல்ல வசதியின்றி, வீட்டு வேலைக்குச் செல்ல மனமின்றி இருக்கும் பெண்ணுக்கு, சில வாரங்களில் கற்றுச் சம்பாதிக்கத் தொடங்கலாம் என்ற விளம்பரம் ஈர்ப்பாகவே இருக்கும். அந்த ஈர்ப்பில் தவறில்லை. கட்டணமாகச் செலுத்தப்படுவது பெரும்பாலும் குடும்பத்தின் சேமிப்பு அல்லது அடகு வைத்த நகையின் பணம் என்பதால்தான், கற்பதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியுள்ளது.

தட்டச்சு தந்த வேலை: தொழிற்பயிற்சிச் சான்றிதழை நம்பி மும்பைக்கு வந்தவர்களின் வரலாறு தமிழர்களுக்குப் புதிதன்று. தாராவிக்கு வந்த திருநெல்வேலிச் சீமையினர் தோல் பதனிடும் தொழிலைக் கொண்டு வேரூன்றினர். மாட்டுங்காவில் குடியேறிய நடுத்தர வகுப்பினரோ தட்டச்சையும் சுருக்கெழுத்தையும் கற்று வந்தவர்கள். ஆங்கிலத் தட்டச்சில் 'ஹையர்' தேர்ச்சி பெற்ற இளைஞர், விக்டோரியா டெர்மினஸில் இறங்கிய சில நாள்களில் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் அமர முடிந்த காலம் அது. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, அலுவலகப் பணிகளில் தென்னிந்தியர்கள் நிறைந்திருந்ததே அதன் முதல் முழக்கத்துக்குக் காரணமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தச் சான்றிதழ் செல்லுபடியானதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. தேர்வை நடத்தியது அரசு. கற்பித்த பயிற்சி நிலையம் அன்று. நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழின் மறுபுறத்தில் ஊதிய விகிதமும் பணி விதிகளும் கொண்ட ஒரு வேலை காத்திருந்தது. நகக் கலைச் சான்றிதழை எடைபோடுவதற்கும் இந்த மூன்றையே அளவாகக் கொள்ளலாம்.

கற்பது என்ன?: நகம் வெட்டி வண்ணம் பூசுவதுதானே என்று எண்ணுவோர் உண்டு. தொழில் அதைவிடக் கடினமானது. நகத்தின் அமைப்பு, நகக் கண்ணைச் சுற்றியுள்ள தோல், பூஞ்சைத் தொற்றின் அறிகுறிகள், எந்த நிலையில் வாடிக்கையாளரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பன முதற்பாடம். பிறகு கருவிகளைத் தூய்மை செய்தல். அதன்பின் ஜெல் பூச்சு, அக்ரிலிக் நகம், நக நீட்டிப்பு, மின் அரம் பயன்படுத்துதல், பழைய பூச்சை நகம் சிதையாமல் அகற்றுதல், இறுதியாகச் சித்திர வேலை. மின் அரத்தைச் சற்று அழுத்தினால் இயற்கை நகம் தேய்ந்து மெலிந்துவிடும். கை பழகுவதற்குப் பல மணி நேரப் பயிற்சி தேவை.

இவற்றுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது ரசாயனப் பாடம். அக்ரிலிக் நகம் என்பது திரவமும் தூளும் சேர்ந்து இறுகும் ஒரு வகைப் பிளாஸ்டிக். இதில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மலிவான திரவம் பயன்படுத்தப்பட்டதால் நகங்கள் சிதைந்ததாகவும் தோல் ஒவ்வாமை ஏற்பட்டதாகவும் புகார்கள் எழுந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1970-களின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் வரை சென்று நடவடிக்கை எடுத்தது. ஜெல் பூச்சுகளில் உள்ள மெத்தாக்ரிலேட் சேர்மங்களால் ஏற்படும் ஒவ்வாமை குறித்து பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-இல் எச்சரித்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கக் கூடும். பின்னாளில் பல் சிகிச்சைக்கோ மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கோ அதே வகைப் பொருள் பயன்படுத்தப்படும்போது இடையூறாகலாம். ஜெல் பூச்சு ஒளியில் இறுகுவதற்காகச் சேர்க்கப்படும் டி.பி.ஓ. என்ற பொருளுக்கு, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது.

வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை அந்த நாற்காலியில் அமர்கிறார். தொழில் செய்பவரோ நாள் முழுவதும் அதே ஆவியையும் அரத்தூளையும் சுவாசிக்கிறார். டோலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றையும் நகப்பூச்சுத் தொழிலின் மூன்று நச்சுகள் எனத் தொழிலாளர் நல அமைப்புகள் குறிப்பிட்டு வந்துள்ளன. ஆகவே கையுறை, முகக்கவசம், காற்றை வெளியேற்றும் விசிறி, சீட்டைப் படித்துப் பொருள் வாங்கும் பழக்கம் ஆகியவை இத்தொழிலில் ஆடம்பரம் அல்ல. அந்தச் சீட்டுகள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டவை. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற பெண்ணுக்கு, வகுப்பு இந்தியிலோ மராத்தியிலோ நடக்கையில், இப்பாடத்தை யார் எந்த மொழியில் விளக்குகிறார்கள் என்பது அவர் உடல்நலம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது.

மூன்று அரசு வழிகள்: தனியார் வகுப்புகளைத் தவிர்த்து, அரசு சார்ந்த வழிகளும் உள்ளன. முதலாவது, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடைபெறும் ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் சேரலாம். முடி, தோல் பராமரிப்புடன் கை, கால், நகப் பராமரிப்பும் பாடத்தில் அடங்கும். இறுதியில் அகில இந்தியத் தேர்வும் தேசியத் தொழிற்சான்றிதழும் உண்டு. தட்டச்சுத் தேர்வைப் போல, கற்பிப்பவரும் தேர்வு நடத்துபவரும் வெவ்வேறாக இருப்பது இவ்வழியின் பலம். மூன்றில் நீண்டதும் இதுவே.

இரண்டாவது, ஜன் சிக்ஷண் சன்ஸ்தான். இதன் பிறப்பிடம் மும்பையே. ஊரை விட்டு நகருக்கு வந்த தொழிலாளர்களுக்காக, 1967 மார்ச்சில் ஒர்லியில் நாட்டின் முதல் 'சிரமிக் வித்யாபீடம்' தொடங்கப்பட்டது. 2000-இல் பெயர் மாறியது. 2018-இல் கல்வித் துறை வசமிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களையும் எழுத்தறிவற்றவர்களையும் சேர்த்துக்கொள்வது இதன் தனிச்சிறப்பு.

மூன்றாவது, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம். 2015 ஜூலை 15-இல் திறன் இந்தியா இயக்கத்துடன் தொடங்கப்பட்டது. இதில் பயிற்சி இலவசம். அழகு மற்றும் உடல்நலத் துறைக்கான திறன் கவுன்சில் தேசியத் தகுதிக் கட்டமைப்புக்கு உள்பட்டு வகுத்துள்ள பணிநிலைகளில், உதவி நெயில் டெக்னீஷியன் என்பதும் ஒன்று. நான்காம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சி 300 முதல் 600 மணி நேரம் வரை அமைந்தது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு, அத்திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். பின்னது புதிதாகத் தொழில் கற்றதற்கான சான்று அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின்படி, 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம் மட்டுமே. முறைசாரா வழிகளில் கற்றவர்கள் 16.6 சதவீதம். ஆகவே, தேவை பெரிது என்பதில் ஐயமில்லை.

எல்லை தாண்டாத சாதிச் சான்றிதழ்: அரசு வழிகளை நாடும் மும்பைத் தமிழர்களுக்கு, மற்றவர்களுக்கு இல்லாத இடையூறு ஒன்று உண்டு. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பினராக அறிவிக்கப்பட்டவர், வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கு அதே சலுகையைக் கோர முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அந்த நிலைப்பாட்டை மாநில அரசுப் பணிகளைப் பொருத்தவரை உறுதிப்படுத்தியது.

இதன் விளைவு, தந்தையோ தாத்தாவோ பிழைப்புக்காக மும்பை வந்த குடும்பத்தின் பெண், அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீட்டு இடத்துக்கும் கட்டணச் சலுகைக்கும் உரிமை கோருவதில் சிக்கலைச் சந்திக்க நேரிடுகிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமோ தமிழகத்தில் பயில்பவர்களுக்கானது. ஆக, ஒரு மாநிலத்தின் சலுகை பின்தங்கிவிட, மற்றொன்றின் சலுகை எட்டாமல் போக, எஞ்சுவது மத்திய அரசின் இலவசப் பயிற்சி அல்லது தனியாரின் கட்டணப் பயிற்சி. மும்பைத் தமிழர்களுக்கு மத்திய திட்டத்தின் தரம் முக்கியமாவது இதனால்தான்.

தணிக்கை சொன்னது: அத்தரம் குறித்த எச்சரிக்கை புதிதன்று. துறைவாரித் திறன் கவுன்சில்களை ஆராய 2016-இல் மத்திய அரசு நியமித்த சாரதா பிரசாத் குழு, இலக்குகள் துறைகளின் உண்மைத் தேவையைக் கருதாமல் நிர்ணயிக்கப்பட்டன என்றும், வேலை தருவதைவிட எண்ணிக்கையைத் துரத்துவதே நடந்தது என்றும் சுட்டிக்காட்டியது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதனை மேலும் உறுதிப்படுத்தியது. முதல் மூன்று கட்டங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, பயனாளிகளின் வங்கிக் கணக்கு விவரங்களில் மிகப் பெரும்பாலானவை வெற்றாகவோ செல்லாத எண்களாகவோ இருந்ததை வெளிப்படுத்தியது. குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் வேலை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 41 சதவீதம் எனவும் அதில் தெரிவிக்கப்பட்டது.

நூற்றுக்கு 41 என்பது பெருமைக்குரிய எண் அன்று. ஆயினும், அது ஓர் எண். எந்தப் பாடத்தில், எந்த மாவட்டத்தில், எந்தப் பயிற்சி நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை என்று கேட்க அந்த எண் இடமளித்தது. நான்காம் கட்டத்தில் அந்தக் கணக்கெடுப்பே கைவிடப்பட்டபோது, கேட்பதற்கான ஆதாரமும் மறைந்துபோனது. எல்லோருக்கும் சம்பள வேலைதான் வேண்டும் என்பதில்லை, சுயதொழிலும் வாழ்வாதாரமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியெனில் சுயதொழில் தொடங்கியவர்களின் எண்ணிக்கையும் வருமானமுமாவது திரட்டப்பட்டிருக்க வேண்டும்.

சுயதொழில் என்ற பெயரில்: தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழில் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24-இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில், வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 51.9 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதமாகியது. சுயதொழில் என்ற சொல்லுக்குள் சொந்தக் கடை வைத்திருப்பவரும் அடக்கம். ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவரும் அடக்கம்.

நகக் கலைஞர்களில் பலர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளனர். அழகு நிலையத்தில் நாற்காலி உண்டு. நிரந்தரச் சம்பளம் இல்லை. செய்யும் வேலைக்கு ஏற்பப் பங்குத் தொகை மட்டும். அல்லது செயலி வழியே முன்பதிவு பெற்று வீடு வீடாகச் செல்லும் வேலை. இவர்களுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டிய சட்டங்களோ ஆள் எண்ணிக்கையைப் பார்த்தே விழிக்கின்றன. ஈட்டுறுதிக் காப்பீட்டுக்கு 10 பேர். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள் விசாரணைக் குழுவுக்கும் 10 பேர். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான குழுவை நாட வேண்டும். மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2017-இல் 10 பேர் என்ற வரம்புடன் வந்தது. அதை 20 ஆக உயர்த்த மாநில அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. இரண்டு மூன்று பேர் பணிபுரியும் நகக் கடை இந்த வரம்புகள் எதிலும் சேராது.

தொழில் பழகுநர் சட்டத்திலும் இதே நிலைதான். 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை விருப்பம். அதற்கும் கீழே வாய்ப்பே இல்லை. உதவித்தொகையுடன் கற்க வேண்டிய பெண், சிறு கடையில் சம்பளமின்றிக் 'கை பழக' நேரிடுவது இதனால்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இரண்டு அம்சங்கள் இவர்களுக்குப் பயன்படக் கூடியவை. குறைந்தபட்ச ஊதியம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும் என ஊதியத் தொகுப்பு கூறுகிறது. செயலி வழிப் பணியாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்கு, அந்நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும் எனச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கூறுகிறது. இவை ஐரோலியின் கடைவரிசை வரை எட்டுவது மாநில அரசின் ஆய்வாளர்களைப் பொருத்தது.

சொந்தக் கடை வைக்க விரும்புவோருக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ. 50,000 வரை கடன் பெற வழியுண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ. 500, கருவிகளுக்கு ரூ. 15,000, குறைந்த வட்டியில் கடன் எனப் பலவற்றை வழங்குகிறது. ஆனால், அதன் 18 தொழில்களின் பட்டியலில் முடிதிருத்துநர் உண்டு, பூமாலை கட்டுபவர் உண்டு; அழகுக்கலைஞர் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும், வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அத்துடன் நீக்கப்பட்டது.

கலிஃபோர்னியா காட்டிய வழி: நகக் கலைப் பயிற்சி ஓர் அகதிச் சமூகத்தையே தூக்கி நிறுத்திய முன்னுதாரணம் உலகில் உண்டு. 1975-இல் சைகோன் வீழ்ந்தபின், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே அமைந்த முகாமில் தங்கியிருந்த 20 வியத்நாமியப் பெண்களுக்கு, ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் தமது நக ஒப்பனையாளரை அழைத்துவந்து பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். அதிலிருந்து கிளைத்து, அமெரிக்காவின் நகத் தொழிலில் பெரும்பங்கு இன்று வியத்நாமியர் கையில் உள்ளது. ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத தொழில் என்பது அவர்களுக்குக் கைகொடுத்தது. அதோடு, கலிஃபோர்னியாவில் இத்தொழிலுக்கு மாநில உரிமம் கட்டாயம். அதைப் பெற 400 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். உரிமம் இருந்ததால் புதிதாக வந்தவர்களின் திறனுக்கு மதிப்பும் கிடைத்தது.

உரிமம் மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்காவே சான்று. நியூயார்க் நகக் கடைகளில், வேலையில் சேரவே பணம் கட்டி, தொடக்கத்தில் ஊதியமின்றி உழைக்கும் குடியேறிய பெண்களைப் பற்றி 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் விரிவான புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. அச்செய்தியின் சில பகுதிகளுக்கு மறுப்புகள் எழுந்தபோதிலும், மாநில அரசு சிறப்பு ஆய்வுக் குழு அமைத்தது. தொழிலாளர் உரிமைகளைப் பல மொழிகளில் அச்சிட்டு, கடைகளில் பார்வைக்கு வைக்க உத்தரவிட்டது. இந்தியாவில் நகக் கலைஞருக்கு உரிமமும் கட்டாயமில்லை. உரிமைப் பலகையும் இல்லை.

பணம் கட்டும் முன்: இந்நிலையில், பயிற்சியில் சேர விரும்புவோர் சில விவரங்களைக் கேட்டுத் தெளிவது நலம். சான்றிதழை வழங்குவது பயிற்சி நிறுவனமேயா, அல்லது தேசியத் தொழிற்கல்வி ஒழுங்குமுறைக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பா? மொத்த மணி நேரத்தில், பொம்மைக் கையில் அல்லாமல் மனிதக் கையில் பயிற்சி எவ்வளவு? கருவிகளும் பொருள்களும் கட்டணத்தில் அடங்குமா? தூய்மைப் பாடமும் ரசாயனப் பாதுகாப்பும் பாடத்திட்டத்தில் எழுத்தில் உள்ளனவா? முந்தைய அணியில் படித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகிறார்கள், அவர்களில் இருவரைச் சந்திக்க முடியுமா? 'நூறு சதவீத வேலை உறுதி' என்பதை எழுத்தில் தருவார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதே பாடம் அரசு வழியில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அருகில் கிடைக்கிறதா என்பதையும் விசாரிப்பது நல்லது.

அவையில் கேட்க வேண்டியது: இக்கேள்விகளைத் தனிப்பட்ட பெண் ஒருவர் கேட்பதோடு விட்டுவிட முடியாது. தொழிலாளர், ஜவுளி மற்றும் திறன் மேம்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு, அமைச்சகத்திடமிருந்து பாடவாரியாகவும் மாவட்டவாரியாகவும் விவரம் கோரும் அதிகாரம் உண்டு. மக்கள்தொகையில் பெரும்பகுதி புலம்பெயர்ந்தவர்களாக உள்ள மும்பை, தாணே போன்ற மாவட்டங்களின் உறுப்பினர்களும், தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் இணைந்து கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. சான்றிதழ் பெற்று ஓராண்டு கழித்து எத்தனை பேர் அத்தொழிலில் நீடிக்கின்றனர்? அவர்களின் மாத வருமானம் என்ன? குடிபெயர்ந்த மாநிலத்தில் சாதிச் சலுகை பெற முடியாதவர்களுக்கு மத்திய திட்டங்களில் என்ன மாற்று ஏற்பாடு செய்யப்படும்?

பயிற்சி பெற்ற ஒவ்வொருவரின் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் பதிவு செய்யப்படும் திட்டத்தில், ஓராண்டுக்குப் பின் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது இயலாத செயலன்று. தமிழ்நாட்டின் தொழில்நுட்பக் கல்வித் துறை இன்றும் தட்டச்சுத் தேர்வை நடத்தி வருகிறது. அந்தச் சான்றிதழுக்கு அரசுத் தேர்வாணையப் பணிகளில் இன்றும் மதிப்புண்டு. மறுமுனையில் வேலையை வரையறுத்து வைத்ததால்தான் அந்த மதிப்பு நிலைத்தது. நகக் கலை போன்ற புதிய தொழில்களுக்கும் அதே வரையறையைச் செய்து தருவது, திறன் மேம்பாட்டுக்கென்றே 2014-இல் தனி அமைச்சகம் கண்ட அரசின் பொறுப்பு. அடுத்த கட்டத்துக்கான நிதி ஒதுக்கீட்டைக் கோரும்போது, எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்ற பட்டியலுடன், எத்தனை பேருக்குப் பிழைப்பு என்ற பட்டியலையும் அமைச்சகம் அவையில் வைக்குமா என்பதே இப்போதைய எதிர்பார்ப்பு.